பொத்தேரியில் இறங்காதவன்

எலியேசரைத் தெரியாதவர்கள் அந்தக் கல்லூரியில் கிடையாது. பெயர் கொஞ்சம் நீளம் என்பதால் எல்லோருக்கும் அவன் எலி. மனநல ஆலோசனை அறைக்குத் தனியாகப் போகக் கூச்சப்படும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது அவன் வேலை. சம்பளமெல்லாம் இல்லை, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பச்சை பேட்ஜ், அவ்வளவுதான். முதல் வருடத்தில் அந்த அறைக்குப் பையன்கள் வைத்திருந்த பெயர் லூசு ரூம். யாராவது அந்தப் பக்கம் திரும்பினாலே சேதி கேன்டீன் வரைக்கும் போய்விடும். எலி ஒரு வழி வைத்திருந்தான். கூட வருகிறவனிடம் கிரிக்கெட் பேசிக்கொண்டே ஜெராக்ஸ் கடைக்குப் பின்பக்கமாகக் கூட்டிப் போவான். அவனை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான். எவ்வளவு நேரமானாலும் எழுந்து போகமாட்டான். வெளியே வந்தவனிடம் என்ன பேசினாய் என்று கேட்கவும் மாட்டான். டீ வாங்கித் தருவான். அழுத கண்ணோடு கிளாசுக்குப் போனால் நாலு பேர் கேட்பார்கள் இல்லையா, அதற்குத்தான் டீ.

இப்படி ஊருக்கெல்லாம் துணை போனவனுக்குத்தான், பாருங்கள், இந்த ஜனவரியில் ரயிலிலிருந்து இறங்க முடியாமல் போயிற்று.

காலில் ஒரு கோளாறும் இல்லை. திருநீர்மலைப் பக்கமிருந்து பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, செங்கல்பட்டு லோக்கலில் ஏறி ஜன்னலோரம் உட்காருவான். கல்லூரிக்கு இறங்கவேண்டிய பொத்தேரி வரும். மாணவர் கூட்டம் மொத்தமும் முண்டியடித்து இறங்கிப் போகும். எலி உட்கார்ந்தே இருப்பான். எழுந்திரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான், உடம்பு கேட்காது. வண்டி நகர்ந்துவிடும். செங்கல்பட்டு வரைக்கும் போய்த் திரும்பி, சில நாள் மதியத்துக்கு மேல் கல்லூரிக்குள் நுழைவான். பல நாள் திரும்பும்போதும் இறங்கமாட்டான். தூக்கம் இல்லை, சோறும் இறங்கவில்லை. "இன்னாடா, மீன் கொழம்பு வெச்சும் தட்ட அப்டியே வெச்சுகினு கீற?" என்று அம்மா செல்வமேரி கேட்டால், "கேன்டீன்லயே துன்னுட்டேம்மா" என்பான்.

அவனை உள்ளுக்குள் அரித்தது வேறொன்று. இதற்கெல்லாம் ஒரு காரணமும் இல்லை. வீட்டில் யாரும் சாகவில்லை. காதல் தோல்வி இல்லை, அரியர் இல்லை. அவன் கூட்டிப்போன ஒவ்வொருவனுக்கும் சொல்வதற்கு ஏதோ இருந்தது. இவன் போய் என்னத்தைச் சொல்வான்? சும்மா, இறங்க முடியவில்லை என்றால் சிரிக்கமாட்டார்களா? அட்டெண்டன்ஸ் தேய்ந்துகொண்டே வந்தது. இப்படியே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது: ஒருநாள் வீட்டைவிட்டுக் கிளம்பவே தோன்றாமல் போய்விடுமோ என்று.

ஒரு மதியம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அந்த அறை வாசலில் போய் நின்றான். ஆலோசகர் சுந்தரவல்லி மேடம் நிமிர்ந்து பார்த்தார். பார்வை அவன் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"வா எலியேசர். இன்னிக்கு யாரக் கூட்டிட்டு வந்திருக்க?"

வாய் தானாகப் பேசிவிட்டது. "ஒரு ஃப்ரெண்டு மேம். இன்னிக்கு வரல. அவனால ட்ரெயின்ல இருந்து எறங்க முடியல."

அப்புறம் நிறுத்த முடியவில்லை. நண்பனின் ஜன்னல், நண்பனின் தூக்கம், நண்பன் தொடாத மீன் குழம்பு என்று எல்லாவற்றையும் கொட்டினான். மேடம் கடைசியில், "சாகணும்னு எப்பவாவது சொன்னானா?" என்று நேராகவே கேட்டார்.

"இல்ல மேம். சத்தியமா இல்ல. எறங்கத்தான் முடியல."

"நாளைக்குக் காலைல மொத ஆளா கூட்டிட்டு வந்துடு. அவன் வரலைன்னா நான் உன்னத் தேடிட்டு வருவேன்."

இப்போது ஒரு நண்பனுக்கு எங்கே போவது? கிரீஷின் ஞாபகம் வந்தது. ஓசூர்க்காரன், வகுப்பையே சிரிக்க வைப்பவன், அடுத்தவன் காசில் சாப்பிடுவதில் மன்னன்.

"மச்சான், ஒரு ஹெல்ப். மேடமாண்ட நீதான் அந்த ஃப்ரெண்டுன்னு சொல்லணும்."

"எந்த ஃப்ரெண்டுடா?"

"ட்ரெயின்ல இருந்து எறங்க முடியாத ஃப்ரெண்டு. யாருன்னு கேக்காத. பிரியாணி வாங்கித் தரேன்."

பிரியாணி என்றதும் கிரீஷ் யாரென்று கேட்கவில்லை. எத்தனை பீஸ் என்று கேட்டான். எலி அவனைக் கேன்டீன் மூலையில் உட்காரவைத்து, பரீட்சைக்குச் சொல்லிக்கொடுப்பது போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான்.

மறுநாள் கிரீஷ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். நன்றாகத்தான் நடித்தான். எலி வழக்கம்போலப் பெஞ்சில் உட்கார்ந்தான். சீக்கிரம் வந்துவிடுவான் என்று பார்த்தால், வகுப்பு மணி அடித்தும் ஆளைக் காணோம். கதவு திறந்தபோது கிரீஷின் கண் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"இன்னாடா, ஓவரா ஆக்ட் குடுத்துட்டியா?"

"மொதக் கேள்வியிலேயே மாட்டிக்கிட்டேன்டா. எந்த ஸ்டேஷன்ல ஏறுவன்னு கேட்டாங்க."

எலி தலையில் அடித்துக்கொண்டான். கிரீஷ் தங்கியிருக்கும் விடுதி கல்லூரி கேட்டுக்கு எதிரிலேயே இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டினால் வகுப்பு. ரயிலைப் பற்றி அத்தனையும் சொல்லிக்கொடுத்த மகா புத்திசாலிக்கு இது மட்டும் தோன்றவில்லை.

"அப்பால?"

"சிரிச்சுட்டாங்க. ட்ரெயின விடு, நீ எப்படி இருக்கன்னு கேட்டாங்க." கிரீஷ் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அவ்ளோதான்டா. இங்க வந்து ரெண்டு வருஷமாச்சு, யாரும் என்ன அப்படிக் கேக்கல."

எலிக்குச் சுருக்கென்றது. அவனும்தான் கேட்டதில்லை. சிரிக்க வைக்கிறவனுக்கு என்ன குறை என்று விட்டிருந்தான். இப்போதும் என்ன விஷயம் என்று கேட்காமல், கிரீஷின் தோளில் கை வைத்து, "வா, டீ துன்..." என்று உளறி, "டீ குடிக்கலாம்" என்று எழுந்தான்.

மேடம் வாசலில் நின்றிருந்தார்.

"கிரீஷ் பேசினது அவனுக்கும் எனக்கும் உள்ளது எலியேசர். ஆனா நேத்து நீ சொன்ன பையன் இன்னும் வரலையே."

எலி தரையைப் பார்த்தான். கிரீஷ் ஒருமுறை மேடத்தைப் பார்த்தான், ஒருமுறை எலியைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "டேய் எலி" என்றான், மெதுவாக. பிறகு எலியின் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். "போடா. நான் இங்கதான் இருப்பேன்."

உள்ளே போய் உட்கார்ந்ததும் எலி சொன்ன முதல் வார்த்தை, "காரணம் ஒண்ணும் இல்ல மேம்."

"காரணம் இல்லாம வரக்கூடாதுன்னு கதவுல எழுதி ஒட்டியிருக்கேனா?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தான், அழுகை வந்தது. நன்றாக அழுதான். அவன் எத்தனையோ பேருக்காக வெளியே காத்திருந்த அறை அது. அதற்குள் இருக்கும் நாற்காலி இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. வாரா வாரம் வரச் சொன்னார் மேடம். தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு டாக்டரையும் பார்த்துவிடலாம் என்றார். அம்மாவிடம் அவனே சொல்கிறானா, சேர்ந்து சொல்லலாமா என்று கேட்டார். சேர்ந்து சொல்லலாம் என்றான்.

"பேட்ஜைத் திருப்பித் தந்துடணுமா மேம்?"

"வெச்சுக்கோ. கொஞ்ச நாள் நீ யாரையும் கூட்டிட்டு வர வேணாம். உன்ன யாராவது கூட்டிட்டு வரட்டும்."

வெளியே கிரீஷ் லேப் வகுப்பை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. டீக்கடையில் தன் பையிலிருந்து காசெடுத்துக் கொடுத்தான். கடைக்காரரே நம்பாமல் ஒருமுறை பார்த்தார்.

ஒரு நாளில் எல்லாம் சரியாகிவிடுமா என்ன? மறுநாள் காலை பொத்தேரியில் கூட்டம் இறங்கியது. எலி எழுந்திரு என்றான். உடம்பு பழையபடி உட்கார்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒருவன் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்தபடி ஓடிவந்தான். கிரீஷ். வண்டி கிளம்பும் நேரத்தில் தாவி ஏறி, மூச்சிரைக்க எதிர் சீட்டில் உட்கார்ந்தான். இழுக்கவில்லை, திட்டவில்லை.

"நீ ஏன்டா ஏறுன? கிளாஸ் கீதுல்ல?"

"இருக்கு. எந்த ஸ்டேஷன்ல ஏறுவன்னு மேடம் கேட்டா இனிமே பொத்தேரின்னு சொல்லிக்கலாம்."

எலி சிரித்துவிட்டான். சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. பிறகு சந்தேகம் வந்து, "டிக்கெட் எடுத்தியா?" என்றான்.

"இல்ல."

"டேய்! செக்கிங் வந்தா பேஜாராயிடும்டா. காட்டாங்குளத்தூர்ல எறங்கிடு."

"நீ எறங்குனா எறங்குறேன்."

கிரீஷ் காலை நீட்டிச் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டான். எலி பெட்டியின் இரண்டு பக்கமும் பார்த்தான். யாராவது வந்துவிட்டால் இவன் மாட்டுவான். அபராதம் கட்டக் கையில் காசும் இருக்காது. வண்டி வேகம் குறைந்தது. எலி கிரீஷின் சட்டையைப் பிடித்துத் தூக்கி, "எழுந்திருடா, எழுந்திரு" என்று தள்ளிக்கொண்டே வாசல் வரைக்கும் வந்து, அவனை இறக்கிவிட்டுத் தானும் இறங்கினான்.

இறங்கிவிட்டோம் என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் தெரிந்தது. செங்கல்பட்டு லோக்கல் அவன் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கிரீஷுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு, இருவரும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, பொத்தேரிக்குத் திரும்பும் வண்டிக்குக் காத்திருந்தார்கள். ஒரே ஒரு ஸ்டேஷன்தான் தாண்டியிருந்தது.