பௌனே தீன் மணி

பம்பாய் சோர் பஜாரில் பழைய பித்தளைக் குழாய் பொறுக்கப் போன இடத்தில்தான் அந்த அலாரம் கடிகாரம் வெயிலுமுத்துவின் கண்ணில் பட்டது. கண்ணாடி இல்லை, ஒரு கால் ஒடிந்திருந்தது. ஆனாலும் ஓடியது. கடைக்காரன் மணியை அடித்துக் காட்டினான். மணி அடிக்கும்போது கடிகாரத்தின் முதுகில் இருந்த சாவி தானாகவே திரும்பிச் சுற்றியது. கடைக்காரன் கடிகாரத்தின் முகத்தைக் காட்டி விலை பேச, இவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். சுற்றுகிற சாவியில் ஒரு நூலைக் கட்டலாம். நூல் எதையாவது இழுக்கும். இழுத்தால் எதுவோ ஒன்று திறக்கும்.

எதைத் திறப்பது என்று அப்போது அவனுக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

வெயிலுமுத்து வேலை பார்த்தது தாராவியில் முகம்மது ஹனீபின் தகரப் பட்டறையில். ஹனீபுக்குக் கடையநல்லூர், இவனுக்கு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கிராமம். எண்ணெய் டின்களை வெட்டி விரித்துச் சிம்னி விளக்கும் புனலும் பால் அளக்கும் குவளையும் செய்கிற பட்டறை. புதுத் தகரம் கிடைத்தால் இன்னும் நல்ல சாமான் செய்யலாம். ஆனால் புதுத் தகரம் விற்கும் மசூதி பந்தர் கடைத்தெருச் சேட்டுக்கும் ஹனீபுக்கும் ஒத்துவரவில்லை.

"பன்னெண்டே முக்காலுக்கு வான்னு அவன் வாயாலதான் சொல்லுதான் வே," என்று மாதம் ஒருமுறையாவது ஹனீப் சொல்லுவார். "கரெக்டா போயி நிக்கேன். கடைய சாத்திட்டுச் சோத்துக்குப் போயிட்டான். இந்த ஊர்க்காரன் பேச்சுக்கும் கடியாரத்துக்கும் சம்பந்தமே கெடையாது."

அதனால் எண்ணெய் டின்தான். வந்த நாள் முதல் வெயிலுமுத்து சிம்னி விளக்குக்குத் திரிக்குழாய் உருட்டிக்கொண்டிருந்தான். உருட்டி உருட்டிப் பெருவிரலில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

செம்பூரில் தபேலா வைத்திருந்த ஜகேசர் பய்யாவிடம் அவனை அனுப்பியதும் ஹனீப்தான், ஓட்டைப் பால் கேன்களுக்கு ஈயம் வைத்துவர. எருமைத் தொழுவத்தைப் பம்பாயில் தபேலா என்பார்கள். ஜகேசரிடம் இருபது எருமைகளுக்கு மேல் நின்றன. ஹோலிக்குக் கறவை ஆட்கள் சொந்த ஊரான ஜவுன்பூருக்கு ரயிலேறிவிட்டார்கள். போனவர்கள் அறுப்பு முடிந்துதான் திரும்புவார்கள். மிச்சம் இருந்தது ஜகேசரும் இரண்டு பேரும்.

ஈயம் உருகிக்கொண்டிருக்கும்போதே வெயிலுமுத்து கவனித்தான். இந்த எருமைகளிடம் கன்று கிடையாது. மடியைத் தொட்டதும் பால் வந்துவிடாது, வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். கன்றுக்குப் பதில் புண்ணாக்குத் தண்ணி. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் துவரம்பொட்டும் கூழாக ஊறிய அந்தத் தண்ணியில் முகத்தை விட்டால்தான் எருமை பாலை இறக்கும். முகம் தொட்டியில் இருக்கிறவரைதான் மடி கறப்பவன் கைக்கு வசப்படும். ஆகவே ஒருவன் கறக்க, ஒருவன் ஊற்ற வேண்டும். ஊற்றுகிற ஆள்தான் இப்போது இல்லை. ஜகேசர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் குந்துவதும் மறுபடி எழுந்து ஓடுவதுமாக இருந்தார்.

கடிகாரம் எதைத் திறக்க வேண்டும் என்பது வெயிலுமுத்துவுக்குத் தெரிந்துபோயிற்று.

ஹனீபிடம் சொன்னபோது அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"என்னவே, எருமைக்கு மணியடிச்சா சோறு போடப்போறீரு? கான்வென்ட்ல படிக்குதோ?"

"சிரிக்காதியும் பாய். உசரத்துல ஒரு டிரம்மு. அதுல கூழு. மணி அடிச்சா சாவி சுத்தும், நூலு ஆப்ப இழுக்கும், ஆப்பு விழுந்தா அடைப்பு தொறக்கும். எல்லாத் தொட்டிக்கும் ஒரே நேரத்துல ஓடும். ஆளே வேண்டாம்லா."

ஹனீப் திரும்பிப் பழைய டிரம் ஒன்றைப் பார்த்தார். பட்டறையின் மேற்கு மூலையில் எண்ணெய் டின்களுக்கு நடுவே அது கிடந்தது.

"செய்யும். வேண்டாங்கல. ஓடுச்சுன்னா அந்த மேலத்த மூலை உமக்கு. திரிக்குழாய வேற ஆளு உருட்டட்டும், நீரு மிஷினே செய்யும். ஓடலைன்னா அந்த டிரம்ம வெட்டி வெளக்காக்கிருவேன். வெட்டுறதும் நீருதான்."

"சம்மதம் பாய்."

தபேலாவில் ரயில் தண்டவாளக் கட்டைகளை அடுக்கி அதன்மேல் டிரம்மை ஏற்றினான். தொட்டி வரிசை நெடுக ஒரு தகர ஓடை. ஒவ்வொரு தொட்டிக்கும் மேலே ஓடையில் ஒரு துளை. முதலில் கூழின் கசடு துளைகளை அடைத்துக்கொண்டது. கோணியில் வடிகட்டி ஊற்றச் சொன்னான். ஓடையின் சரிவைக் கொஞ்சம் கூட்டினான். அப்புறம் ஓடியது. சாணி தெறிக்கும், வால் அடிக்கும், வருகிறவன் போகிறவனெல்லாம் முள்ளைத் திருகிப் பார்ப்பான் என்று கடிகாரத்தையும் ஆப்பையும் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுப் போட ஏற்பாடு செய்தான். காலையில் கையாலேயே ஊற்றிக்கொள்வது, மத்தியானக் கறவையை மிஷினுக்கு விடுவது என்று பேச்சு.

"கித்னா பஜே லகாவ், பய்யா?" காலைக் கறவை முடிந்ததும், எத்தனை மணிக்கு வைப்பது என்று வெயிலுமுத்து கேட்டான்.

ஜகேசர் உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும் கசக்கிக்கொண்டிருந்தார். "பௌனே தீன்," என்றார் தலை நிமிராமல்.

"பௌனே தீன். டீக் ஹை," என்று ஒத்துக்கொண்டான்.

வெயிலுமுத்துவின் இந்தி கடைவீதியில் படித்தது. சேர் போய் கிலோ வந்த புதிது. பாவ் கிலோ என்றால் கால் கிலோ, பௌனா கிலோ என்றால் முக்கால் கிலோ என்று தாராவியில் வெங்காயம் வாங்கியே கற்றுக்கொண்டிருந்தான். பௌன் என்றால் முக்கால். தீன் என்றால் மூன்று. மூணே முக்கால். அலார முள்ளை அங்கே திருப்பினான். பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பு வாரில் கோத்துக்கொண்டான். மத்தியானத்துக்கு டிரம்மை மட்டும் நிரப்பி வையுங்கள், வேறு எதையும் யாரும் தொடக்கூடாது என்று தெரிந்த இந்தியில் இரண்டு முறை சொன்னான். ஜகேசர் தொடுவதில்லை என்று தலையாட்டினார்.

பட்டறைக்குத் திரும்பி, மிஷின் ஓடுவதைக் கண்ணால் பார்க்க அரைநாள் லீவு கேட்டான்.

"போயிட்டு வாரும்," என்றார் ஹனீப். "எருமைகள்ட்ட நான் சலாம் சொன்னேன்னு சொல்லும்."

சயானில் பஸ் ஏறி செம்பூரில் இறங்கியபோது மணி மூன்றரை ஆகவில்லை. நேரம் இருக்கிறதே என்று ஒரு டீ குடித்தான். மெல்ல நடந்தான். தபேலா வரிசையை நெருங்கும்போதே ஜகேசரின் சத்தம் கேட்டது. எருமைகளின் சத்தம் அதற்கு மேல்.

வாசலில் பூலோகம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோவில்பட்டிப் பக்கத்து ஆள். ஜகேசரின் பாலை மாதுங்கா வீடுகளுக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறவன்.

"வாரும்யா இஞ்சினீரு. தூக்கம் தெளிஞ்சுதா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? இந்தக் கேன ஆட்டிப் பாரும். அடியில நாலு சொட்டு கெடந்து உருளுது. மாதுங்கால மாமிங்க டிகாஷன எறக்கி வச்சிட்டு வாசலப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. நான் போயி எதக் குடுக்க? உம்ம கடியாரத்தையா?"

வெயிலுமுத்து உள்ளே ஓடினான். தொட்டிகள் காய்ந்து கிடந்தன. எருமைகள் தலையைத் தலையைத் தூக்கி ஓடையை மோந்துகொண்டிருந்தன. ஜகேசர் காலி வாளியோடு வந்தார்.

"தேரா கண்டா மர் கயா!" என்றார். உன் மணி செத்துப்போச்சு. இப்போது அடிக்கும், இப்போது அடிக்கும் என்று எத்தனை நேரம் மூன்று பேரும் வாளியோடு குந்தியிருந்தார்கள் தெரியுமா? கூழ் மொத்தமும் டிரம்முக்குள், தொடாதே என்றாயே, தொடவில்லை. கடைசியில் தண்ணி காட்டாமலே கறக்கப் பார்த்தோம். ஒன்றுகூட இறக்கவில்லை. ஒன்று உதைத்தே விட்டது. வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டினார்.

"மரா நஹி பய்யா. அபி டைம் நஹி ஹுவா. தோடா பாக்கி ஹை," என்றான் வெயிலுமுத்து. சாகவில்லை, இன்னும் நேரம் ஆகவில்லை, கொஞ்சம் பாக்கி.

ஜகேசர் வாளியைக் கீழே வைத்தார். பூலோகம் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"நீரு எத்தன மணிக்கு வச்சீரு?"

"அவரு சொன்னதுக்குத்தான். மூணே முக்கால்."

"மூணே முக்கால்னா சொன்னாரு?"

"பௌனே தீன்னாரு. பெறகென்ன?"

பூலோகம் எருமையின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எருமை நகர்ந்தது, விழப் பார்த்தான்.

"கெடுத்தீரே குடிய! பௌனே தீன்னா மூணு ஆகக் கால் மணி கொறச்சல்வே. நம்ம ரெண்டே முக்கால்."

"பௌன்னா முக்கால்தான?"

"முக்கால்தான். மூணு முடிஞ்சு முக்கால் இல்ல. மூணாவது மணி முக்கால்வாசி ஆயிருக்கு. நீரு பௌனா கிலோ வெங்காயம் வாங்கினா ஒண்ணே முக்கால் கிலோவா குடுக்கான்?"

வெயிலுமுத்து கணக்குப் போட்டுப் பார்த்தான். முக்கால் கிலோதான் கொடுக்கிறான். ஒரு கிலோவுக்குக் குறைச்சலாகத்தான் கொடுக்கிறான். வாராவாரம் இவனேதான் பையில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

என்ன பேசுகிறீர்கள் என்று ஜகேசர் கேட்டார். பூலோகம் சொன்னான். ஜகேசர் சிரிக்கவில்லை.

"நிகால்," என்றார். "அபி கே அபி நிகால்."

எடு என்றால் எடுக்கத்தான் வேண்டும். வெயிலுமுத்து கட்டை மேல் ஏறி, இடுப்புச் சாவியால் பெட்டியைத் திறந்தான். கடிகாரத்தைப் பிடித்திருந்த பட்டையின் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தான். அதைக் கழற்றிவிட்டால் டிரம்மை இறக்க வேண்டும். டிரம்மைத் தாராவிக்குக் கொண்டுபோக ஒரு கைவண்டி பிடிக்க வேண்டும். அப்புறம் அதை வெட்ட வேண்டும். பாதித் திருகாணி வெளியே வந்திருந்தபோது அவன் விரல்களுக்கு நடுவிலேயே மணி அடித்தது.

ஒரு விரலை வைத்து அழுத்தினால் நின்றுவிடும். அவன் கையை வெளியே எடுத்துக்கொண்டான்.

சாவி சுற்றியது. நூல் விறைத்தது. ஆப்பு விழுந்தது. கூழ் தகர ஓடையில் சடசடவென்று இறங்கி, முதல் தொட்டியில் விழுந்து, இரண்டாவதில் விழுந்து, வரிசையாகக் கடைசிவரை போயிற்று. மணிக்கு மிரண்ட எருமைகள் கூழின் சத்தத்துக்குத் தலையைத் தாழ்த்தின. கத்தல் ஒருசேர நின்று, உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எருமை தண்ணியில் முகம் வைத்துவிட்டால் நின்று பேச ஜகேசருக்கு வராது. வாளியை எடுத்துக்கொண்டு குந்திவிட்டார். மற்ற இரண்டு பேரும் குந்தினார்கள். ஹோலிக்குப் பிறகு மூவரும் சேர்ந்து கறப்பது அன்றுதான் முதல் தடவை. ஊற்றுவதற்கென்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வாளிகளின் அடித்தகரத்தில் பால் பீய்ச்சும் சத்தம் மூன்று இடத்திலிருந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் நுரை ஏறி அந்தச் சத்தம் அமுங்கிற்று.

பூலோகம் கேன்களை நிரப்பிச் சைக்கிளில் கட்டினான். "காப்பிக்கு இல்ல, இது இனிமே தயிருக்கு உறை ஊத்தத்தான். மாமிங்க ஏச்ச யாரு வாங்குவா? நான்தான் வாங்கணும்," என்று சொல்லிக்கொண்டே மிதித்தான்.

கடைசி எருமையையும் கறந்துவிட்டு ஜகேசர் கட்டைக்கு அருகில் வந்தார். வெயிலுமுத்து இன்னும் மேலேதான் நின்றான், திருப்புளியோடு. அவர் பால் ஈரக் கையை நீட்டினார். கடிகாரத்தைக் கேட்கிறார் என்று புரிந்து எடுத்துக் கொடுத்தான். அவர் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, கண்ணாடி இல்லாத முகத்தில் பெருவிரலால் அலார முள்ளை மெல்லத் தள்ளினார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, மூன்றை ஒட்டி நிறுத்தினார்.

"யே பௌனே தீன்," என்றார். பிறகு, "சாபி மேரே பாஸ்." பெட்டிச் சாவி இனி அவரிடம்தான்.

கடிகாரத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துத் திருகாணியை முடுக்கும்போது, பக்கத்துத் தபேலாக்காரன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து என்ன கலாட்டா என்று கேட்டான். ஜகேசர் நடந்ததை ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினார். 'மதராசி' என்ற சொல் அடிக்கடி வந்தது. இருவரும் சிரித்தார்கள். பக்கத்துக்காரன் சிரித்து முடித்த பிறகும் போகவில்லை. ஓடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

பட்டறைக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஹனீப் புனல் ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னவே, ஓடுச்சா?"

"ஓடுச்சு பாய். ஆனா ஒரு மணி நேரம் பிந்தி ஓடுச்சு."

"கடியாரம் கோளாறா?"

"கடியாரம் சரிதான். பௌனே தீனுக்கு வைக்கச் சொன்னாரு. நான் மூணே முக்காலுக்கு வச்சேன்."

"சரிதான? பௌனே தீன்னா மூணே முக்கால்தான்," என்றார் ஹனீப், தட்டுவதை நிறுத்தாமல். "அந்த பய்யாவுக்கு நேரம் சொல்லத் தெரியலன்னா நீரு என்ன செய்வீரு?"

"இல்ல பாய். ரெண்டே முக்கால். வெங்காயக் கணக்கு. பௌனா கிலோன்னா ஒண்ணே முக்கால் கிலோவா? ஒரு கிலோவுக்குக் கொறச்சல்லா?"

ஹனீபின் சுத்தியல் புனலின் மேல் நின்றது. வாய் சத்தமில்லாமல் எதையோ சொல்லிப் பார்த்தது. பிறகு கேட்டார்:

"பாரான்னா பன்னெண்டு. அப்ப பௌனே பாரான்னா?"

"பதினொண்ணே முக்கால்."

"பதினொண்ணே முக்காலுக்கு எவனாவது சோத்துக்குப் போவானா?"

"போக மாட்டான். கடையிலதான் இருப்பான்."

ஹனீப் வெளியே தெருவைப் பார்த்தார். இத்தனை வருஷமும் அந்த மசூதி பந்தர் சேட்டைப் பற்றித் தாராவியில் அவர் புகார் சொல்லாத ஆள் கிடையாது.

"வே வெயிலு. இத யார்ட்டயும் சொல்லாதியும்."

"எதப் பாய்? என்னோடதையா, உம்மோடதையா?"

"ரெண்டையுந்தான்."

அவர் எழுந்து மேற்கு மூலைக்குப் போனார். டிரம் இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. அதைச் சுற்றிக் கூரை வரைக்கும் எண்ணெய் டின்கள். ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் வைக்க ஆரம்பித்தார். வெயிலுமுத்துவும் கூடப் போய் எடுத்தான்.

"அடுத்த மிஷினுக்கு இந்த ஓட்ட டின்னு ஆகாது," என்றார் ஹனீப். "நாளைக்குப் போயி புதுத் தகரம் வாங்கியாறேன். பதினொண்ணே முக்காலுக்கு."