இரண்டு விமான நிலையங்களும் என் வீட்டுக்காரரும்

எங்கள் ஊருக்கு இரண்டு விமான நிலையங்கள். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, நடுவில் ஊர். வடக்கில் இறங்கித் தெற்கில் ஏற வேண்டியவர்கள் ஊரை முழுசாகக் கடந்தாக வேண்டும். இப்படிக் கட்டிய புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அவரால்தான். நான் டாக்ஸி ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரர் அந்த இரண்டு நிலையங்களுக்கும் நடுவே ஓடுகிற ரயிலை ஓட்டுகிறார். ஒரே பயணிக்குப் பகலெல்லாம் போட்டி போட்டுவிட்டு, சாயங்காலம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற குடும்பம் எங்களுடையது.

“ஊர் நடுவுல பெரிய ஸ்டேஷன்ல ஏறினா முப்பத்திநாலு நிமிஷத்துல தெற்கு ஏர்போர்ட்” என்பார் அவர்.

“உங்க ரயிலு வீட்டு வாசலுக்கு வந்து பெட்டியத் தூக்குமா?” என்பேன் நான்.

நான் டாக்ஸி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து, பத்தொன்பது வருஷமாக இதே சண்டை. சண்டை என்று கூடச் சொல்ல முடியாது, பேசுவது நான் மட்டும்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவருக்கு அது எங்கே இருக்கிறது என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்பார், பச்சை எரிந்தால் போவார். அதற்கு மேல் யோசிப்பது தன் வேலை இல்லை என்பது அவர் கட்சி.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை வாங்கிக் கொடுக்க நான் யார் யாரையோ பார்த்துப் பல்லிளித்தேன். மூன்றே மாதம். ஒரு நாள் வந்து நின்று, செயற்கைக் கால் செய்யும் தொழிலைப் படிக்க வெளிநாடு போகிறேன், இடம் கிடைத்துவிட்டது, வேலையை விட்டாயிற்று என்றாள். எனக்கு வந்ததே கோபம்! “போறதா இருந்தா நீயாப் போய்க்கோ. என் வண்டி வராது” என்று சொல்லிவிட்டேன். அவளும் என் வயிற்றில் பிறந்தவள்தானே? இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறி விமான நிலையத்துக்குப் போய்விட்டாள்.

ஊரார் பிள்ளைகளையெல்லாம் வழியனுப்பி வைக்கிறவள், பெற்ற பெண்ணை வழியனுப்பப் போகவில்லை. இது நடந்து ஒரு வருஷம் எட்டு மாதம். போனில் பேசிக்கொள்வோம். சாப்பிட்டாயா, குளிரா, தூங்கினாயா, எல்லாம் பேசுவோம். அந்த நாளைப் பற்றி மட்டும் அவளும் கேட்டதில்லை, நானும் வாய் திறந்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவள் எங்கள் ஊர் வழியாக விமானம் மாறப் போகிறாள் என்ற செய்தி வந்தது. காலை பத்து மணிக்கு வடக்கில் இறங்குகிறாள், மதியம் இரண்டரைக்குத் தெற்கில் ஏறுகிறாள். வேறு ஒரு நாட்டில் மூன்று மாதப் பயிற்சி. ஒன்றரை மணிக்குள் பெட்டியைக் கொடுத்தாக வேண்டும். மறுநாள் காலை அங்கே போய்க் கையெழுத்துப் போடாவிட்டால், அந்த இடம் அடுத்து நிற்பவருக்குப் போய்விடுமாம்.

நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். வடக்கு நிலையத்து வாசலில் போய் நிற்பேன். என் வண்டியில் ஏற்றி, ஊரைக் கடந்து, தெற்கு நிலையத்தில் நானே இறக்கிவிடுவேன். வழியில் மன்னிப்புக் கேட்பேன். வண்டி ஓட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி கேட்டால் மன்னிப்புக் கேட்பதும் அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

“நான் வரேன்னு அவகிட்ட மூச்சு விடக் கூடாது” என்று வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். “என்னப் பாத்ததும் அவ மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நான் பாக்கணும்.”

“சரி” என்றார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

அன்று ஒன்பதே முக்காலுக்கே போய், காசு கட்டி வண்டியை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, வந்திறங்குபவர்கள் வெளியே வரும் கதவுக்கு எதிரே நின்றேன். பத்தரைக்கு அவள் வந்த விமானத்தின் ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். நீளமான பின்னலோடு ஒரு பெண் வர வேண்டும், வரவில்லை. பதினொன்று ஆயிற்று. கூட்டம் வடிந்துவிட்டது. அவளுடைய வெளிநாட்டு நம்பர் இங்கே எடுக்காது. வீட்டுக்காரருக்கு அடிக்கலாம் என்றால், ரயில் ஓட்டும்போது போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போவது அவர்கள் விதி. பதினொன்றே முக்காலுக்கு என் போன் அடித்தது. அழைத்தது மீசை.

மீசை என்பவர், ஊர் நடுவே பெரிய ஸ்டேஷனுக்கு வெளியில் இருக்கும் எங்கள் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் பொறுப்பாளர். மீசையை எடுத்துப் பத்து வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஸ்டாண்டில் பயணி வண்டியைத் தேர்ந்தெடுக்க முடியாது. முன்னால் நிற்கிற வண்டியில்தான் ஏற வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பின்னால் நிற்பவருக்கு வழி விட்டு ஒதுங்கலாம்.

“அக்கா, எங்க இருக்கீங்க? இங்க ஒரு பொண்ணு வந்து உக்காந்திருக்கு. நாப்பத்தொண்ணாம் நம்பர் வண்டி முன்னால வந்தாத்தான் ஏறுவேங்குது. பதினோரு வண்டிய விட்டுடுச்சு. அது உங்க வண்டி நம்பராச்சேன்னு கூப்பிட்டேன்.”

“பாக்க எப்படி இருக்கா?”

“பாக்க எப்படியோ. பிடிவாதம் அப்படியே உங்க அச்சு.”

“போன அவகிட்ட குடுங்க!”

போன் கைமாறியது. ஒரு வருஷம் எட்டு மாதம் கழித்து, ஒரே ஊரில் இருந்துகொண்டு என் மகள் பேசினாள்.

“அம்மா, நீ ஏம்மா ஸ்டாண்டுல இல்ல?”

“நான் இங்க வடக்கு ஏர்போர்ட்ல உன்னக் கூட்டிட்டுப் போக நிக்கறேன்! நீ ஏன்டி அங்க இருக்க?”

“நீ வண்டியில ஏத்த மாட்டேன்னு சொன்னல்ல. பயணியா வந்து ஏறிட்டா எறக்கிவிட முடியாதுன்னு நெனச்சேன். பதினோரு மணிக்கு நீ எப்பவும் ஸ்டாண்டுக்கு வந்துருவேன்னு அப்பாதான் சொன்னாரு. அவர் ரயில்லதான் வந்தேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவர்கிட்ட…”

சட்டென்று நிறுத்தினாள். எனக்கும் அதே நொடியில்தான் உறைத்தது. இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம். அவள் “அப்பா!” என்றாள். நான் சொன்னதை எழுத முடியாது.

அந்த மனிதருக்கு இரண்டு திட்டமும் தெரிந்திருக்கிறது. நான் சொல்லாதே என்றேன், அவள் சொல்லாதே என்றாள். இரண்டு வாக்கையும் காப்பாற்றிவிட்டு, மகளைத் தன் ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு, நான் நிற்கிற நிலையத்திலிருந்து நான் இல்லாத ஸ்டாண்டுக்குச் சரியான நேரத்தில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

புத்தி உள்ள எந்த டிரைவரும் அப்போதே, அவளை அடுத்த ரயிலில் தெற்கே அனுப்புங்கள் என்று மீசையிடம் சொல்லியிருப்பாள். நான் “அங்கயே இரு, அசையாத!” என்று மகளிடம் கத்திவிட்டு வண்டியை எடுத்தேன். ஐம்பது நிமிஷம் பிடித்தது. ஒவ்வொரு சிக்னலிலும் வீட்டுக்காரரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். பக்கத்து வண்டிக்காரர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஸ்டாண்டில் பெட்டி மேல் உட்கார்ந்து, மீசை வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். பின்னலைக் காணோம். முடி காது வரைக்கும்தான் இருந்தது. எழுந்து ஓடி வந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தேனே, வாயில் வந்தது என்ன தெரியுமா?

“முடிய என்னடி பண்ணி வச்சிருக்க?”

“பட்டறையில மிஷின்ல சிக்கும்மா” என்று சொல்லி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நானும் விடவில்லை. மரத்தூளும் பசையும் கலந்த வாசனை அவள் சட்டையில் இருந்தது. மூன்று வண்டிகள் ஹாரன் அடித்த பிறகுதான் விட்டேன்.

பெட்டியை டிக்கியில் போட்டு, அவளை முன் சீட்டில் உட்கார வைத்து, சாவியைத் திருப்பினேன். மீசை ஜன்னலில் கையை வைத்தார்.

“அக்கா, தெற்குப் பாலத்துல வேல நடக்குது. ஒன்றரை மணி நேரமாவது ஆகும். நம்ம பசங்க இப்பதான் சொன்னாங்க.”

பன்னிரண்டு நாற்பது. ஒன்றரை மணி நேரம் என்றால் இரண்டு பத்து. கணக்குப் போட எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், அதுதான் என் தொழில். உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கு ஆசை வந்தது. அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடலாம். விமானம் போய்விடும். இன்று வீட்டுக்கு வருவாள், அவள் அறையில் தூங்குவாள், நாளைக்கும் இருப்பாள். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். என்னை நம்பி சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டியை அணைத்தேன்.

“எறங்கு. ரயில்ல போலாம்.”

“நீ ரயில்லயா?” என்று அவளும் மீசையும் ஒன்றாகக் கேட்டார்கள்.

சாவியை மீசை கையில் திணித்துவிட்டு ஓடினோம். ஐம்பத்திரண்டு வயதில் பெட்டி ஒரு கையில், மகள் ஒரு கையில். பன்னிரண்டு நாற்பத்தெட்டு ரயிலில் ஏறிய பிறகும் எனக்கு மூச்சு வாங்குவது நிற்கவில்லை.

ஸ்டியரிங் இல்லாமல் என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரயில் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் என் வலது கால் தரையில் பிரேக்கை அழுத்தியது. மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லலாம் என்று வைத்திருந்த மன்னிப்பை இப்போது அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வேறு பார்க்க ஒன்றும் இல்லை, வெளியே சுரங்கம்.

“அன்னிக்கு நான் வந்திருக்கணும்” என்றேன். “கோவத்துல வரல. தப்பு என்னோடது. அதச் சொல்லத்தான் இன்னிக்கு வந்தேன்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு என் பஸ் உங்க ஸ்டாண்டு வழியாத்தாம்மா போச்சு. உன் வண்டி கடைசியில நின்னுது. நீ உள்ள உக்காந்து அழுதுட்டு இருந்த.”

அதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“எறங்கிடலாம்னு கம்பியக்கூடப் பிடிச்சுட்டேன்” என்றாள். “எறங்கியிருந்தா அப்புறம் போயிருக்கவே மாட்டேன். அதான் எறங்கல. எனக்கும் அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு.”

“இத்தன நாளா ஏன்டி சொல்லல?”

“நீ மொதல்ல சொல்லட்டும்னு இருந்தேன்.”

“திமிருடி உனக்கு.”

“எங்கிருந்து வந்துச்சாம்?”

இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. எதிர் சீட்டில் இருந்த அம்மாள் என் கன்னத்தில் வழிந்த கண்ணீரைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை நீட்டினார், சிரிக்கிறேன் என்று தெரிந்ததும் திருதிருவென்று விழித்தார்.

ஒன்று இருபத்திரண்டுக்குத் தெற்கு நிலையத்தில் இறங்கினோம். பிளாட்பாரக் கடைசி பெஞ்சில், மதியச் சாப்பாட்டு இடைவேளையில், மடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“ரெண்டு பேருமே சொல்லாதீங்கன்னு சொன்னீங்க” என்றார். “நான் என்ன பண்றது?”

“வீட்டுக்கு வாங்க, சொல்றேன் என்ன பண்றதுன்னு!”

அவர் டப்பாவை மூடி வைத்துவிட்டு, மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஒன்று இருபத்தெட்டுக்குப் பெட்டி உள்ளே போனது. அவள் தலையில் ஒரு முறை கையை வைத்துவிட்டு, ரயிலை எடுக்க நேரமாகிவிட்டது என்று வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினார்.

சோதனைக்குப் போகும் வாசல் வரை அவளோடு நடந்தேன். விமான நிலையத்துக்கு நான் வராத நாள் இல்லை, ஆனால் இந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. வெளியே மூன்று நிமிஷத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் விசில் அடிப்பார்கள். இங்கே யாரும் விசில் அடிக்கவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம் போலிருந்தது.

வரிசை நகர்ந்தது. அவள் உள்ளே போகத் திரும்பியபோது, வண்டியிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு பயணியிடமும் கேட்கிற கேள்வி என் வாயில் தானாக வந்தது. எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பேன், பெற்ற பெண்ணிடம் மட்டும் கேட்க விட்டுப் போன கேள்வி.

“எல்லாம் எடுத்துக்கிட்டியா? ஒண்ணும் விட்டுட்டுப் போகலயே?”

அவள் எல்லாப் பயணிகளையும் போலவே நின்று, கால்சட்டைப் பையைத் தட்டி, தோள் பையைத் தடவிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“இந்தத் தடவ ஒண்ணும் விட்டுட்டுப் போகலம்மா” என்றாள்.