மோட்டார்காரர் கேட்ட ஓட்டு

தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்த்தே மாகாண சபைக்குப் போன மனிதர் அவர். மேடையில் ஏறினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் சுற்றுவட்டாரத்தில் அவர் கை படாத மோட்டார் கிடையாது. அந்த நன்றிக்காக இரண்டு முறை ஜெயிக்க வைத்தார்கள். மூன்றாவது முறையும் ஜெயித்தால் மந்திரி பதவி நிச்சயம் என்று கட்சித் தலைவரே சொல்லிவிட்டார். மோட்டார்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. மந்திரி காருக்கு மனசுக்குள் நிறம்கூடப் பார்த்து வைத்துவிட்டார்.

"உன் ஓட்டு யாருக்கு?" என்று மனைவியைச் சீண்டினார். அவர் தலைநகரில் இருந்த வருஷமெல்லாம் இந்த வீட்டில் தனியாகக் கிடந்தவள் அவள்.

"நம்ம வீட்டுக்கு எது நல்லதோ அதுக்குத்தான்," என்றாள்.

ஓட்டுக் கேட்கப் போன இடமெல்லாம் ராஜ உபசாரம். நாற்காலி வந்தது, காப்பி வந்தது, பின்னாலேயே ஓடாத மோட்டாரும் வந்தது.

"நீங்க போனதிலேருந்து இதைத் தொட ஆளே இல்லண்ணே!"

கை சும்மா இருக்குமா? அங்கேயே ஒரு ஸ்பேனரை இரவல் வாங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மோட்டார் ஓடியதும் வீடே கைதட்டும். கூட வந்த மச்சினன் தலையில் அடித்துக்கொள்வான்.

"மாமா, ஓட்டுக் கேக்கவே மறந்துட்டீங்க!"

"அதான் மோட்டார் ஓடுதேடா, அது கேக்கும்."

தோற்றார். கொஞ்சநஞ்சத் தோல்வியல்ல, படுதோல்வி. ஒரு பல்பு மாட்டத் தெரியாத வக்கீல் ஜெயித்துவிட்டார். சிரித்துச் சிரித்தே கழுத்தை அறுத்துவிட்டார்களே என்று மோட்டார்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் வாசலில் ஒரே சத்தம். வக்கீலின் ஆட்கள் கேலி செய்ய வந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்தார். சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் மோட்டாரை வைத்துக்கொண்டு ஊரே நின்றது. ஒருவர் முகத்திலும் குற்ற உணர்ச்சி மருந்துக்குக்கூட இல்லை.

"ஒருத்தனும் ஓட்டுப் போடலையேடா, பாவிகளா!"

"எப்படிண்ணே போடுவோம்?" என்றார் முன்னால் நின்ற பால்காரர். "மந்திரியாயிட்டா நீங்க இந்தப் பக்கமே வரமாட்டீங்க. வக்கீல் போனாப் போகட்டும். அவர் இல்லேன்னு இங்க யார் அழுதா?"

கோபமாக இருக்கத்தான் பார்த்தார். முடியவில்லை, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

திரும்பினால் மனைவி டூல்ஸ் பெட்டியோடு நிற்கிறாள். பரணில் கிடந்த பெட்டி. திறந்து பார்த்தார். பொட்டுத் துரு இல்லை, ஸ்பேனர்கள் எல்லாம் பளபளவென்று இருந்தன.

"இதுக்கு எப்ப எண்ணெய் போட்ட?"

"ஓட்டுப் போட்டுட்டு வந்த கையோட," என்றாள்.