முதலில் தாழ்ப்பாள், பிறகு வீடு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு ஹார்டுவேர் கடையில். உக்கடத்தில் நசுருதீன் பாய் கடைக்கு ஒட்டடைக் குச்சி வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண், கதவுக்கு உள்பக்கம் போடும் தாழ்ப்பாள் கேட்டாள்.

"மரக்கதவாம்மா, தகரக்கதவா?" என்றார் பாய்.

"தெரியலீங்கண்ணா. ஊடு இன்னும் கெடைக்கலீங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் ஒட்டடையை மறந்துவிட்டு அவளோடு பேச்சுக் கொடுத்து, பின்னாலேயே போய்விட்டேன். எழுதுகிறவர்களுக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு.

2

முதல் வரியாக இப்படி எழுதினேன்: 'யாருமற்ற அநாதையான நஸ்ரியா, கொட்டும் மழையில்—'

[நிறுத்து. அன்று கோவையில் மழையே இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. தவிர, யாராவது பரிதாபப்பட்டால் நஸ்ரியாவுக்கு மூக்கு சிவந்துவிடும்.]

2, மறுபடியும்

நஸ்ரியா மதுக்கரைப் பக்கம் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வளர்ந்தவள். பதினெட்டுக்குப் பிறகு அவர்களுடைய விடுதியில் இருந்தாள். இப்போது இருபத்தொன்று ஆகிவிட்டது, மாதக் கடைசிக்குள் விடுதியையும் காலி செய்ய வேண்டும். பம்பு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலை இருக்கிறது. இப்படி வெளியே வருகிறவர்களுக்கு ஓர் அறக்கட்டளை அட்வான்ஸும், முதல் வருஷம் பாதி வாடகையும் தருகிறது. வீட்டை மட்டும் அவளே பிடிக்க வேண்டும்.

காப்பகத்தில் எந்தக் கதவுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. பிள்ளைகள் மாட்டிக்கொள்ளக் கூடாதென்றுதான், கெட்ட எண்ணம் இல்லை. குளியலறையும் அப்படியே. உள்ளே ஆள் இருப்பது தெரிய, பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். பாட்டு நின்றால் யாராவது கதவைத் தள்ளிவிடுவார்கள். வாய்க்குள் சோப்பு போனபோதும் நஸ்ரியா பாடியிருக்கிறாள்.

3

பார்த்த வீடுகளிலெல்லாம் ஒரே கேள்வி: "அப்பா என்ன பண்றாருங்க?" மரியாதைக்குக் குறைவில்லை. வீடுதான் இல்லை. பாய் கடையில் வாங்கிய தாழ்ப்பாள் பைக்குள் கிடந்து ஆட, அவள் அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

சிங்காநல்லூரில் வரிசையாக லைன் வீடுகள் வைத்திருப்பவர் பங்காரம்மா. இவரைக் கல்நெஞ்சக்காரியாகத்தான் எழுதி வைத்திருந்தேன். ('பங்காரம்மா படாரென்று கதவைச் சாத்தி—' என்ற பாதி வாக்கியம் இன்னும் என்னிடம் கிடக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.)

நஸ்ரியா காப்பகம், விடுதி, அறக்கட்டளை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"பெரியவங்க ஆராச்சும் வந்தாப் பேசலாமுங்க, அம்மணி."

"பெரியவங்க நான்தானுங்க."

[இந்த வசனம் என்னுடையதில்லை. என்னுடையதாக இருந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன்.]

"நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா நான் ஆரைக் கூப்புடறது?"

"என்னையவே கூப்புடுங்க. பக்கத்துலதானுங்க இருப்பேன்."

பங்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டைத் திறந்து காட்டினார். நஸ்ரியா குழாயைத் திருகவில்லை, ஃபேனைப் போட்டுப் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தாள்.

"இதுக்கு உள்ளார தாப்பாளே இல்லீங்களே."

"முன்னால இருந்தவங்க உடைச்சுப்போட்டாங்க. போட்டுத் தாரேன்."

"வேண்டாமுங்க. என்கிட்டயே இருக்குது."

பங்காரம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊட்டுக்கு முன்னாலயே தாப்பாள வாங்கிப்போட்டயா கண்ணு?" குரல் இறங்கிவிட்டது. "நான் வாக்கப்பட்டு வந்த ஊட்டுல ஏகப்பட்ட சனம். சாத்திக்கிட்டு அழுகறதுக்குக்கூட எனக்கொரு கதவு இல்ல. நீ சாமானத்தக் கொண்டாந்துரு."

4

இனி முடிவு. சில எழுதிப் பார்த்தேன்.

(அ) அன்றிரவு தூக்கம் வராமல், காப்பகத்தை நினைத்து அவள்— [படித்துக் காட்டினேன். "தூக்கம் நல்லா வருமுங்க்கா" என்றாள்.]

(ஆ) ஒரு வருஷம் கழிந்து உதவி நின்றபோது— ["அதுக்குள்ள சம்பளம் ஏறிருமுங்க." சரி, விட்டேன்.]

நடந்தது இதுதான். ஞாயிறு மத்தியானம் காப்பகத் தோழிகள் ரூபினாவும் சாய்ப்ரியாவும் ட்ரில்லிங் மெஷினோடு வந்தார்கள். துளை இடம் தப்பியது, யார் அளந்தது என்று சண்டை வந்தது, தாழ்ப்பாள் கொஞ்சம் கோணலாகவே உட்கார்ந்தது. பங்காரம்மா கொண்டுவந்த கேசரியை எல்லோரும் வழித்துத் தின்றோம். பிறகு நஸ்ரியா எங்களை வாசலுக்கு அனுப்பினாள். நான் மட்டும் நோட்டும் கையுமாக உள்ளேயே மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"நீங்களுந்தானுங்க்கா."

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் கிறீச்சென்று நகர்ந்து, கோணல் துளையில் போய் விழுந்தது. ரூபினா கை தட்டினாள், சாய்ப்ரியா அழுதாள், நான் இரண்டும் செய்தேன். ஜெயித்துவிட்டாள், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் நின்று கேட்டோம். உள்ளிருந்து பாட்டு வரவில்லை.

இப்போது அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கதாசிரியர் என்றால் எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழையலாம் என்பார்கள். இந்த வீட்டில் அது நடக்காது. முடிவு வேண்டுமென்றால் நீங்களே சிங்காநல்லூர் போய்க் கதவைத் தட்டுங்கள். பேரைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். திறப்பதும் திறக்காததும் அவள் இஷ்டம்.