ஒஸ்லோவிலிருந்து சூரிச் எவ்வளவு தூரம்

ஒஸ்லோவுக்கும் சூரிச்சுக்கும் இடையிலான தொலைவைப் பயணிகளைக் கேட்டே விமானி முடிவுசெய்வார். பணிப்பெண் ஒவ்வோர் இருக்கையாக வந்து கேட்பாள். சொல்லப்பட்டவற்றுள் எது மிகப் பெரியதோ அதுவே அன்றைய தொலைவு. மிகச் சிறியதே நிற்கும் என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் அந்தத் தடத்தில் பறந்தவர்கள் அல்லர்.

அன்று எல்லோரும் வழக்கம்போல் இரண்டரை மணி நேரம் என்றார்கள். சன்னலோரம் இருந்த இராசமலர் மட்டும், "இருபது வருசம்" என்றார்.

பணிப்பெண் தலையசைத்து, அவருக்கு இன்னொரு போர்வை கொடுத்தாள்.

காலையில்தான் சூரிச்சிலிருந்து அவருடைய அண்ணன் மனைவி பரிமளகாந்தி தொலைபேசியில் அழைத்திருந்தார். "அண்ணைக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு. வெளிக்கிட்டு வாங்கோ மச்சாள்." தொலைவிலிருந்து வரவேண்டியவருக்குச் சாவை அப்படித்தான் சொல்வது அவர்கள் வழக்கம். வந்து இறங்கிய பின்பே மெய்யைச் சொல்வார்கள். அதுவரை இறந்தவர் இறந்திருக்க முடியாது. நோவோடு படுக்கையில் காத்திருக்க வேண்டும்.

பக்கத்து இருக்கை மகாலிங்கசிவம் சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார்: "அக்கா, என்ர அம்மாவுக்கும் கொஞ்சம் ஏலாதெண்டுதான் சொன்னவை. உங்கட அண்ணை இருக்கோணுமெண்டு அவவையும் ஏன் கிடந்து இழுக்க விடுறியள்?"

"இருக்கிறா தானே, தம்பி."

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

டென்மார்க் நெடுங்காலம் கீழேயே கிடந்தது. முன்வரிசைக் கைக்குழந்தைக்குப் பல் முளைத்து, விழுந்து, மறுபடி முளைத்தது. ஏழாம் மாரியில் இராசமலரின் கைப்பேசி ஒலித்தது. அண்ணன் நவரத்தினம்தான்.

"மலர், எங்கை நிக்கிறாய்?"

"டென்மார்க்குக்கு மேலை, அண்ணை."

"நடந்து வெளிக்கிட்டிருந்தாலும் இதுக்கிடையிலை வந்திருப்பாய்." சிரிக்கப் பார்த்து இருமினார். "முதுகெல்லாம் புண். செத்த ஆளைப் புரட்டிவிட நேர்ஸ்மாருக்கு அனுமதி இல்லையாம். கெதியா இறங்கு, தங்கச்சி."

சொன்ன தொலைவைத் திரும்பப் பெற ஒரு வழி உண்டு. போகும் காரியத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இராசமலர் மணியை அழுத்தினார்.

"எதற்காகச் சூரிச் போகிறீர்கள்?" என்று பணிப்பெண் கேட்டாள்.

இராசமலர் போர்வையை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

"செத்தவீட்டுக்கு."

கைப்பேசியில் இருமல் நின்றது. இருக்கைப்பட்டியை அணியச் சொல்லும் விளக்கு எரிந்தது. மகாலிங்கசிவம் குனிந்து சப்பாத்தைத் தேடினார். சன்னலுக்கு வெளியே சூரிச்சின் ஓடுபாதை வந்து சேர்ந்தது.

வருகைக் கூடத்தில் வெள்ளைச் சேலையோடு நின்ற பரிமளகாந்தி, இராசமலரைக் கட்டிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்தபின் உள்ளதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"ஒண்டுமில்லை, மச்சாள்," என்று முதுகைத் தடவினார். "அண்ணைக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு."

கூடத்தின் கண்ணாடிக் கதவுகள் மூடிக்கொண்டன. தரை அதிர்ந்தது; பிறகு வருகைக் கூடம் முழுவதும் மெல்ல மேலெழுந்தது. இராசமலர் தம் பெட்டியின்மேல் அமர்ந்துகொண்டார். கைப்பேசி ஒலிக்கத் தொடங்கியது.