மரை தேய்ந்த லேத்து

சண்டைக்காலத்தில் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்ததும், அரியலூர் ரயிலடிச் சாலையில் இருந்த சாமிதுரையின் பட்டறையில் எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஆளுயரச் சக்கரம் ஒன்றைச் சுவரோரம் நட்டு, அதிலிருந்து தோல்பட்டை இழுத்து, உலோகம் கடைகிற லேத்தில் மாட்டினார்கள். அந்தச் சக்கரத்தைச் சுற்றுவதுதான் இருசம்மாளின் வேலை. இரண்டு பேர் சுற்ற வேண்டிய சக்கரம். கூடச் சுற்றிய ஆண்டாயி பிள்ளை பெறத் தாய்வீடு போனபின் இன்னொரு ஆளைப் போடவில்லை. வீட்டுக்குப் போனால் சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோகக்கூட இருசம்மாளுக்குக் கை எழும்புவதில்லை.

அன்று காலையில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பெரம்பலூர் பஸ்ஸின் டிரைவர் வைரக்கண்ணு வந்து நின்றான். முன்சக்கரத்து அச்சில் மாட்டுகிற பித்தளை வளையமான புஷ் உடைந்துவிட்டது. புதிது எந்த ஊரிலும் கிடைக்கவில்லை. பிரயாணிகள் மூட்டைமுடிச்சோடு ரயிலடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

லேத்து ஓட்டுகிற இருதயநாதன் வரதராசன்பேட்டைக்காரர். பித்தளைத் துண்டு ஒன்றை மாட்டி, "சுத்து" என்றார். இருசம்மாள் சுற்றினாள். பாதி கடைந்ததும் கடைசல் கத்தி சட்டென்று உள்ளே பாய்ந்தது. அளவு பார்க்கிற காலிப்பரை வைத்துப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். புஷ் இளைத்துப் போயிருந்தது. போட்டால் தொளதொளவென்று ஆடும்.

"வெட்டி வெட்டி இழுக்கிற இருசம்மா. சீரா சுத்துன்னு எத்தினி தடவ சொல்றது?"

இந்தப் பேச்சை அவள் மாதக்கணக்கில் கேட்கிறாள். கேட்டுக் கேட்டு, தன் கையில்தான் ஏதோ கோளாறு என்றே நம்பிவிட்டாள்.

முதலாளி சாமிதுரை எட்டிப் பார்த்தார். "இன்னும் ஒரு துண்டுதான் இருக்கு. அதுவும் போச்சுன்னா நாளைலேருந்து நீ வரவேணாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, பிரயாணிகளைச் சமாதானப்படுத்த ரயிலடிக்குப் போனார்.

இரண்டாவது துண்டை மாட்டினார்கள். இருசம்மாள் தூளியில் கிடக்கிற பிள்ளையை ஆட்டுகிற மாதிரி, மூச்சைக்கூட அளந்து விட்டுச் சுற்றினாள். கத்தி ஏறியது. சுருள் சுருளாகப் பித்தளைச் சீவல் கொட்டியது. திடீரென்று கத்தி உள்ளே பாய்ந்து துண்டைக் கவ்விப் பிடித்தது. ஓடின வேகத்தில் சக்கரம் ஒரு உதை உதைத்தது. கைப்பிடி அவள் மணிக்கட்டில் அடித்துத் தள்ளிவிட்டது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது. வைரக்கண்ணு ஓடிப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான்.

"நான் சீராத்தான சுத்துனேன் மேஸ்திரி? நீங்களே பாத்தீங்க இல்ல?"

இருதயநாதன் துண்டைத் தடவினார். பள்ளம் விழுந்திருந்தது. ஆனால் மேல்கடைசல்தான், அளவுக்குக் கடைந்தெடுக்க இன்னும் சதை இருந்தது. அவளுடைய வீங்கின மணிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இங்க வா" என்றார். "இந்தப் பிடியத் திருப்பிப் பாரு. கத்தி இதாலதான் முன்ன பின்ன போவுது."

அவள் நல்ல கையால் திருப்பினாள். பிடி சுற்றியது, கத்தி அசையவில்லை. கால்வட்டம் போனபின்தான் ஏதோ பிடித்துக்கொண்டு நகர்ந்தது. மறுபக்கம் திருப்பினாலும் அதே கதை.

"சும்மால்ல சுத்துது?"

"ஆமா. உள்ள இருக்கிற நட்டுல மரை தேஞ்சுபோச்சு. அந்த ஆட்டத்துக்குள்ள கத்தி தன்னால பாயுது. உன் கையில ஒண்ணுமில்ல."

"தெரிஞ்சுமா என்னைச் சொன்னீங்க?"

"வேற நட்டு போடணும்னு மொதலாளிகிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிச்சுப்போச்சு. சண்டை முடியட்டும்னுட்டாரு. கெட்டுப்போறதுக்கு யாரையாச்சும் சொல்லணுமே, உன்னைச் சொல்லிட்டேன்."

கோபப்படவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. "இதையும் இப்படியே கடைஞ்சா மறுபடி பாயும்ல?" என்று மட்டும் கேட்டாள்.

பாயும்தான். இருதயநாதன் கொல்லைக்குப் போய்க் கிணற்றுக் கப்பியைக் கழற்றி வந்து, லேத்துக்கு முன்னால் கட்டினார். கத்தி உட்கார்ந்திருக்கிற பலகையில் கயிறு கட்டி, கப்பிமேல் விட்டு, மறுமுனையில் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டார். அந்தக் கனம் கத்தியை எப்போதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தது. இப்போது பிடியைத் திருப்பினால் திருப்பின அளவுக்குத்தான் கத்தி முன்னால் போனது. தன்னிஷ்டத்துக்குப் பாய வழியில்லை. இரும்பு முழங்காலில் இடித்ததால் அவர் ஒருக்களித்து நின்று வேலை பார்க்கவேண்டியிருந்தது.

"சக்கரத்த யாரு சுத்துறது?" என்றார்.

வைரக்கண்ணு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "நான் ஒருபக்கம் புடிக்கிறேன். நீ ஒத்தக்கையால சும்மா தொட்டுக்க, அக்கா."

கொஞ்சநேரத்திலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. "இத தெனமும் தனியாவா சுத்துற?" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் பாரத்தை இன்னும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சுற்றினான்.

கத்தி ஒருமுறைகூடப் பாயவில்லை. அளவு சரியாகி, காலிப்பர் புஷ்ஷின்மேல் இழைந்துகொண்டு இறங்கியபோது சாமிதுரை திரும்பி வந்தார். கயிற்றையும் கப்பியையும் பார்த்தார்.

"மொத துண்டு கெட்டது என்னாலங்க" என்றார் இருதயநாதன். "ஆட்டம் இருக்குன்னு தெரிஞ்சும் கவனிக்காம விட்டேன். இவ மேல தப்பில்ல. இன்னொரு ஆளு இல்லாம இனிமே சக்கரம் சுத்தச் சொல்லாதீங்க."

சாமிதுரை புஷ்ஷை வாங்கி உருட்டிப் பார்த்தார். "பாப்போம்" என்றார். பிறகு, போகிற போக்கில், "ரயிலடியில மூட்டை தூக்குற செல்லக்கண்ணு சம்சாரம் வேலை கேட்டுச்சு, சக்கரத்துக்கு வரச்சொல்றேன்" என்றார்.

வெயில் தாழ்ந்தபோது பஸ் கரிப்புகையைக் கக்கிக்கொண்டு புறப்பட்டது. இருசம்மாள் வீங்கின மணிக்கட்டில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டாள். இருதயநாதன் ஏதோ சொல்ல வந்தவர்போல வாசல்வரை வந்தார்.

"நாளைக்கு வரியா?"

"கை வீக்கம் வத்துனா வரேங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பேசுவதற்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. வீட்டில் அடுப்பு பற்றவைத்தாகவில்லை. ஒற்றைக்கையால் தண்ணீர் எப்படிச் சேந்துவது என்று யோசித்துக்கொண்டே போனாள்.