பெயர் போடாத சீட்டுகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் பள்ளியை நடத்துகிற மதர் அடிக்கடி சொல்வார். இருக்கட்டும். முப்பத்தொரு வருடமாக மூன்றாம் வகுப்புக்கு எழுதச் சொல்லிக் கொடுக்கிறவளுக்குக் கோபம் வேறெங்கே இருக்கும்? ஒரு பிள்ளை 'ழ' போடச் சொன்னால் நண்டு வரையும், இன்னொன்று 'ண'வுக்கு நாலு சுழி போடும். அத்தனையையும் பார்த்துப் பார்த்து ஒன்று மட்டும் எனக்குக் கைவந்துவிட்டது. எழுத்தைக் காட்டினால் போதும், ஆளைச் சொல்லிவிடுவேன்.

எங்கள் பள்ளியின் சிற்றாலய வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. மேலே ஒரு நீளத் துளை, கீழே ஒரு பூட்டு. பிள்ளைகளும் பெற்றவர்களும் ஆண்டவரிடம் கேட்க வேண்டியதைச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். பெயர் போடக் கூடாது. வெள்ளிக்கிழமை பெட்டியை அப்படியே பீடத்தில் வைத்துப் பூசை நடக்கும். மாதக் கடைசியில் சீட்டுகளை இரும்புச் சட்டியில் கொட்டி எரித்துவிடுவோம். யாரும் படிக்கக் கூடாது என்பது பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற சட்டம். எரிக்கிற வேலை என்னுடையது. இத்தனை வருடத்தில் ஒரு சீட்டைக்கூட நான் பிரித்ததில்லை. எனக்கு வாய்தான் நீளம், கை சுத்தம்.

நோய் வந்தது. பள்ளியை மூடினார்கள், கோவிலை மூடினார்கள். பெட்டியை மட்டும் மதர் மூட விடவில்லை. அதைக் கம்பியால் கட்டி வெளிக் கேட்டில் தொங்கவிட்டார். பூசைக்குத்தான் தடை, கேட்கிறதுக்கு என்ன தடை என்றார். மதருக்கு எழுபத்திரண்டு வயது, என் தோள் உயரம்தான் இருப்பார். ஒரு முடிவுக்கு வந்துவிட்டாரென்றால் அசைக்க முடியாது. அப்போது பள்ளி வளாகத்தில் இருந்தது மூன்றே பேர்: மதர், முன்பு நர்ஸாக இருந்த மருந்துச் சிஸ்டர், பின்னால் ஆசிரியர் குடியிருப்பில் தனியாக இருக்கிற நான்.

அந்த மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்ததும் சீட்டுகள் பொலபொலவென்று கொட்டின. எந்த மாதமும் அவ்வளவு வந்ததில்லை. வாரிச் சட்டியில் போடும்போது மடிக்காத சீட்டு ஒன்று மேலே கிடந்தது. படிக்கிற எண்ணத்தோடு நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் பார்த்ததும் கை நின்றுவிட்டது. பென்சில் எழுத்து. ஒவ்வொரு வரியும் தேய்ந்து கறுத்திருந்தது. இடது கையால் எழுதுகிறவர்களுக்கு எழுதியதன் மேலேயே உள்ளங்கை உரசிக்கொண்டு போகும். என் வகுப்பில் அப்படி எழுதுகிறவள் ஒருத்திதான். இடக்கை ராணி என்று அவளுக்குப் பட்டம் வைத்ததும் நான்தான்.

"இயேசுவே, அம்மா நாலு நாளா எழுந்திருக்கல. மூச்சு விடும்போது சத்தம் வருது. வெளிய சொன்னா வீட்டுக்காரர் துரத்திடுவாருன்னு அப்பா சொன்னாங்க. அதனால உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

என் மற்றக் கையில் தீப்பெட்டி இருந்தது. இந்த முப்பத்தொரு வருடத்தில் இப்படி எத்தனையை எரித்திருப்பேன் என்று நினைத்துத் தீப்பெட்டியைக் கீழே வைத்தேன்.

சீட்டைக் கொண்டுபோய் மதரிடம் நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை. அது ஆண்டவருக்கு எழுதிய கடிதம், அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது பாவம், நம்மை நம்பித்தானே பிள்ளைகள் போடுகிறார்கள் என்றார்.

"கடிதம் அவருக்குத்தான் மதர். ஆனா நம்ம கேட்டுக்கு வந்திருக்கு. அவருக்கு இங்க கைகால்னு வேற யாரு இருக்கா?" என்றேன்.

பாவமென்றால் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும் என்று முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கேட்டைத் தாண்டும்போது பின்னால் மருந்துச் சிஸ்டர் தன் பையோடு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். அவரை அனுப்பியது யாரென்று நான் கேட்கவில்லை.

இஸ்திரிக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. ஜன்னல் என்று பெயருக்கு ஒரு ஓட்டை. ராணியின் அப்பா வாசலை மறித்துக்கொண்டு, வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறோம், அவளுக்கு வெறும் அசதிதான் என்றார். நகரப் போகிறீர்களா, பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைக்கவா என்றேன். நகர்ந்தார்.

ராணி என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "உங்களுக்கு யாரு டீச்சர் சொன்னா? நான் இயேசுகிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

"அவர்தான் சொன்னாரு" என்றேன். பொய்யா நிஜமா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

சிஸ்டர் அவள் அம்மாவின் விரலில் ஆக்ஸிஜன் அளக்கிற கருவியை மாட்டினார். எண்பத்தைந்துதான் காட்டியது. மூன்று மருத்துவமனைகளுக்குப் பேசினோம். எங்கேயும் கட்டில் இல்லை, வீட்டிலேயே காற்றோட்டமான அறையில் வையுங்கள் என்றார்கள். காற்றோட்டமான அறையாம்! ராணியின் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். நான் மதருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். திட்டத்தான் போகிறார் என்று காத்திருந்தேன்.

"மூணாம் வகுப்புல எத்தனை ஜன்னல்?" என்று கேட்டார் மதர்.

"ஆறு."

"கூட்டிட்டு வா."

பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மெத்தை விரித்தோம். சிஸ்டர் எங்கெங்கோ பேசி ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் வரவழைத்தார், ஒரு டாக்டர் போனிலேயே மருந்து சொன்னார். சுகாதார அலுவலகத்துக்கும் தகவல் கொடுத்தோம். இடமிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், எங்களிடம் இல்லை என்று அங்கிருந்தவர் சொன்னார். ராணியும் அப்பாவும் எதிர் வகுப்பில் தங்கினார்கள்.

அன்று மாலை மிச்சச் சீட்டுகள் அத்தனையையும் நான் பிரித்தேன். தெரியாமல் இல்லை, தெரிந்தே பிரித்தேன். கணக்குப் பரீட்சை வரவே கூடாது என்று ஒன்று. தங்கச்சிக்குப் பேய் பிடிக்க வேண்டும் என்று ஒன்று. சிரித்துக்கொண்டே வந்தவளுக்குப் போகப்போகச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏழு சீட்டில் ஒரே விஷயம்: வீட்டில் ஒருவர் படுத்திருக்கிறார், வெளியே சொல்ல முடியாது. ஏழில் ஐந்து எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்து. இங்கே பெற்றவர்களில் பாதிப் பேருக்கு எழுதக் கற்றுக் கொடுத்ததும் நான்தானே. அதில் ஒன்றில் வரிகள் மேட்டில் ஏறுகிற மாதிரி சாய்ந்துகொண்டே போயின. ரெண்டு கோடு நோட்டில் இருபது பக்கம் எழுத வைத்தும் திருந்தாத எழுத்து அது. மைக்செட்டுடையது. தொண்டை அப்படி, அதனால் மூன்றாம் வகுப்பிலேயே அந்தப் பெயர். இப்போது பூட்டுக் கடை வைத்திருக்கிறான், பெற்றோர் சங்கத்துக்குத் தலைவன். அவனுடைய அப்பாவுக்கு ஆறு நாளாக மூச்சு வாங்குகிறதாம். தெரிந்தால் கடைப்பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள், ஆண்டவரே காப்பாற்றும் என்று எழுதியிருந்தான்.

ஐந்து வீட்டுக்கும் எப்படிப் போவது என்று நானும் சிஸ்டரும் பேசிக்கொண்டிருக்கும்போதே விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் கேட்டுக்கு முன்னால் முப்பது பேர். முகக்கவசம் பாதிப் பேருக்குத் தாடையில் கிடந்தது. நோயாளியை உடனே வெளியே அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கேட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வருவோம் என்றார்கள். முன்னால் நின்று கத்தியவன் யார் என்று நினைக்கிறீர்கள்? அவனேதான்.

"எங்க பிள்ளைங்க உட்காருற பெஞ்சு மதர் அது! அதுல நோயாளியப் படுக்க வெச்சா நாளைக்கு எவன் பிள்ளைய அனுப்புவான்?"

மதர் கேட்டுக்கு உள்ளே நின்று, அனுப்ப முடியாது என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னது அவர்கள் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு பேர் கம்பியைப் பிடித்து உலுக்கினார்கள். ராணி எதிர் வகுப்பு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவனுக்கு வந்தும் தெரியவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சீட்டு என் பையில்தான் இருந்தது. எடுத்து நாலு வரி வாசித்தால் போதும், அந்தத் தொண்டை அதோடு அடைத்துவிடும். வாசிக்கத்தான் ஆசைப்பட்டேன், மறைக்க மாட்டேன். கை பைக்குள் போய்விட்டது. மதர் என் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார்.

நான் உள்ளே போய் இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டுக்கு நேராக வைத்தேன். அவன் சீட்டோடு மற்றச் சீட்டுகளையும் அதில் கொட்டினேன். அது என்ன என்று தெரிந்ததும் முன்வரிசை அடங்கியது.

"இது அத்தனையையும் நான் படிச்சேன்" என்றேன். "படிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுதான் படிச்சேன். பேர் போடலைன்னா எனக்குத் தெரியாதா? உங்க கையைப் பிடிச்சு எழுத வெச்சவ நான்."

கம்பியைப் பிடித்திருந்த கைகள் இறங்கின. நான் அவனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

தீக்குச்சியைக் கிழித்துப் போட்டேன். "இந்தா, எரிஞ்சு போச்சு. யார் வீட்டு விஷயமும் என் வாயிலருந்து வராது. உள்ள படுத்திருக்கிறவ மட்டும் எங்கேயும் போக மாட்டா. ஆறு வகுப்பு திறந்திருக்கு. வேணுங்கிறவங்க பின்கதவு வழியா வாங்க, அதுக்குப் பூட்டு கிடையாது."

சாம்பல் பறந்து முடிவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. அவன் கடைசியாகப் போனான்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ராணியின் அம்மா தானாக எழுந்து உட்கார்ந்து, மகள் எங்கே என்று கேட்டாள். அந்தச் சந்தோஷத்தில் நான் வராண்டாவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்கதவு கிரீச்சிட்டது. மைக்செட் வந்தான். அவனுடைய அப்பா அவன் முதுகில் துவண்டு கிடந்தார். ஊரே கேட்கக் கத்துகிறவன் அன்று கிசுகிசுப்பாகத்தான் பேசினான்.

"டீச்சர், நேத்து எல்லார் முன்னாலயும் நீங்க படிச்சிருக்கலாம்."

"படிச்சிருப்பேன். மதர் விடல" என்றேன். "உன் எழுத்து இன்னும் திருந்தலடா. உள்ள கொண்டா. மூணாம் வகுப்பு, வழி தெரியும்ல?"

தெரிந்திருந்தது. நேராகப் போய் மூன்றாவது வரிசையில், அவன் உட்கார்ந்து படித்த இடத்துக்குப் பக்கத்தில், அப்பாவை இறக்கிப் படுக்க வைத்தான். மதர் ஏற்கெனவே அங்கே துணி விரித்து வைத்திருந்தார்.

எதிர் ஜன்னலிலிருந்து ராணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் போனதும் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"டீச்சர், அந்த மாமாவும் இயேசுகிட்ட மட்டும்தான் சொன்னாரா?"

"ஆமாம்மா" என்றேன். இந்தத் தடவை அவள் கண்ணைப் பார்த்தே சொன்னேன்.